கடற்கரைத் தோட்டத்தில் பறவைக்கும் ஒரு பங்கு

நல்ல நிலம் என்னும் பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் நன்னிலம். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையில், பூந்தோட்டத்தை அடுத்து இவ்வூர் வரும். இரயில் பெட்டியின் சன்னல் வழியே பார்த்தால் இருபுறமும் வயல்கள். வயல்களுக்கு நடுவே வாய்க்கால்கள். வாய்க்கால் கரைகளில் பூவரசும் புங்கையும் பனையும். காவிரியின் கிளைகள் பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் இந்த மண். இங்கே பூவரசம் போத்து ஒன்றை வெட்டி வேலிக்கு ஊன்றினாலும் அது துளிர்த்து மரமாகிவிடும்.

அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். அந்தக் கதிர் மனிதருக்கன்று, சிட்டுக்குருவிகளுக்கு. விளைச்சலில் உழுதவனுக்குக் கூலி உண்டு, நிலத்துக்காரருக்குப் பங்கு உண்டு, ஏழைக்கு ஸகாத் உண்டு. குருவிக்கும் ஒரு கொத்து உண்டு என்று நினைத்த மக்கள் வாழ்ந்த பூமி இது.

அன்பு வாசகர்களே! அந்த ஒரு கொத்துக் கதிரின் எண்ணத்தைத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்வது எப்படி என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகின்றேன். குறிப்பாக, கடற்கரையில் வீடு கட்டியுள்ள அல்லது கட்டப்போகின்ற குடும்பங்களுக்கு இது பயன்படும். அதற்காக நன்னிலத்திலிருந்து கடல் வரை ஒரு சிறு பயணம் போய் வருவோம், வாருங்கள்.

இருபத்தைந்து கிலோமீட்டரில் வேறோர் உலகம்

நன்னிலத்திலிருந்து சன்னாநல்லூர், திருப்புகலூர், திருமருகல் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை நாகூரில் முடிகின்றது. நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சிறிய தொலைவுக்குள் மண்ணின் குணம் முற்றிலும் மாறிவிடுகின்றது. புறப்பட்ட இடத்தில் காலில் ஒட்டும் களிமண். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டிச் சில்லடிக் கடற்கரைக்கு வந்தால் காலில் ஒட்டாத வெறும் மணல்.

வண்டல் மண் நீரைப் பிடித்து வைக்கும். மணல் அதை ஒரே நாளில் கீழே விட்டுவிடும். வண்டலில் உரம் தங்கும், மணலில் தங்காது. அங்கே காற்று இளந்தென்றல். இங்கே காற்று உப்பைச் சுமந்து வந்து இலைகளின் மேல் படியவிடும். அந்த உப்பு இளந்தளிரைக் கருக்கிவிடும். எனவே நன்னிலத்தில் செழித்த செடி நாகூரில் வாடினால் அது செடியின் குற்றமன்று. இடமறியாமல் நட்டவர் கையின் குற்றம்.

டெல்டா முஸ்லிம் குடும்பங்களில் பலருடைய வாழ்வு நீண்ட காலமாகவே கடலோடு பிணைந்தது. சிங்கப்பூர், மலேசியா, பின்னர் வளைகுடா நாடுகள் என்று கடல் கடந்து உழைத்தவர்கள் ஊர் திரும்பி வீடு கட்டுகின்றார்கள். நாகூர், காரைக்கால், வேதாரண்யத்தை ஒட்டிய தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று கரையோரம் முழுவதும் அத்தகைய வீடுகளைக் காணலாம். மாஷா அல்லாஹ், வீடுகள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள இடம் எப்படி இருக்கின்றது?

நாம் செய்துகொண்டிருப்பது என்ன?

பெரும்பாலும் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, மனையிலிருந்த மணல்மேட்டை இயந்திரத்தால் சமப்படுத்திவிடுகின்றோம். இரண்டாவது, முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளமும் ஓடும் பதித்துவிடுகின்றோம். மூன்றாவதாக, எஞ்சிய மண்ணில் அயல்நாட்டுப் புல்லையும் குரோட்டன்ஸையும் வரிசையாகத் தென்னையையும் வைத்துவிட்டு, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீரை இறைத்து ஊற்றிக்கொண்டே இருக்கின்றோம்.

அரபு நாடுகளின் சாலை ஓரங்களில் பச்சைச் சுவர்போல வளரும் கோனோகார்பஸ் என்னும் செடியைப் பார்த்துப் பழகிய சகோதரர்கள், அதே வேலியை இங்கும் விரும்புகின்றார்கள். அது விரைவாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும் என்றும், வேர்கள் நிலத்தடிக் குழாய்களைக் கெடுக்கும் என்றும் புகார்கள் எழுந்ததனால் குஜராத் அரசு 2023ஆம் ஆண்டில் அதை நடுவதற்குத் தடை விதித்தது. நம் ஊர்ப் பறவைக்கு ஏற்ற கனி அதில் இல்லை.

தென்னையை நான் குறை கூறவில்லை. அது நம் சமையலறையின் உயிர். ஆனால் தென்னையை மட்டுமே நம்பிய கரையோரம் என்ன பாடுபட்டது என்பதை நாம் கண்டோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஒரே இரவில் பல குடும்பங்களின் பல்லாண்டு வருமானம் மண்ணில் விழுந்தது. அதே காற்றில் பனைகள் பெரும்பாலும் நின்றன.

ஆகவே, கடற்கரையில் எதை நடுவது என்ற கேள்வியை விற்பனைக்கு வைத்திருப்பவரிடம் கேட்பதைவிட, அந்தக் கடற்கரையிடமே கேட்பது நல்லது. விடை சொல்ல ஓர் இடம் இருக்கின்றது. நாகூரிலிருந்து தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருப்பூண்டி வழியாக வேதாரண்யம் சென்று, அங்கிருந்து உப்பளங்களைக் கடந்து சுமார் 10 கிலோமீட்டர் போனால் நிலம் முடிகின்ற முனை வரும். அதுதான் கோடியக்கரை.

கரை தானே வளர்த்த தோட்டம்

கோடியக்கரைக் காட்டை யாரும் நட்டதில்லை. அல்லாஹ் இந்த மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றபடி வளர்த்த தோட்டம் அது. 1967ஆம் ஆண்டு அது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் சதுப்புநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 38,500 ஹெக்டேர் பரப்புடன் இடம்பெற்றது.

மணல்மேடுகளின் மீது நிற்கும் அந்தக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் அழைக்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதி மழையின்றியே கழியும். ஆனாலும் இலை உதிராது. மரங்கள் ஓங்கி உயர்வதில்லை. காற்றுக்குத் தலை வணங்கியதுபோல் குட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்கும். இலைகள் தடித்தும் மெழுகுபோல் பளபளத்தும் இருக்கும். இவையெல்லாம் நீரைச் சேமிக்கவும் உப்பைத் தாங்கவும் இறைவன் அளித்த ஏற்பாடுகள். பாலை மரம் அங்கே மிகுதி. அதோடு நாவல், வீரை, காயா, உகா, இலந்தை, களா, சங்கஞ்செடி என்று ஒன்றன் நிழலில் ஒன்றாக வளர்ந்திருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கனி தருபவை. அதனால்தான் அங்கே அத்தனை பறவைகள்!

கஜா புயல் அக்காட்டையும் விட்டுவைக்கவில்லை. மரங்கள் முறிந்தன, விலங்குகள் மடிந்தன. ஆனால் இவ்வகை மரங்கள் பலவும் முறிந்த இடத்திலிருந்தே மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. தென்னைக்கு அந்த வரம் இல்லை. குருத்து போனால் மரம் போயிற்று.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோடியக்கரைக்கு வரும் விருந்தாளிகளைக் கேட்டால் வியந்து போவீர்கள். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றது கொசு உள்ளான். அதன் எடை 30 கிராம்கூட இராது. நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். வடஇந்தியாவில், இமயமலை அடிவாரம் வரை குஞ்சு பொரித்துவிட்டு ஆறுமணிக்குருவி வருகின்றது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அதற்கு அந்தப் பெயர். இரவெல்லாம் பறந்து களைத்த அந்தக் குருவி, கரையோரத்து வீட்டுத் தோட்டத்தில்கூட இறங்கி, உதிர்ந்து கிடக்கும் சருகுகளைக் கிளறிப் புழு பூச்சி தேடும். அங்கே சருகு இருந்தால் அதற்கு உணவு உண்டு. சிமெண்டுத் தளம் இருந்தால்? எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பறவைகளின் வழிகளை உலகுக்கு அறியச் செய்ததில் ஒரு முஸ்லிம் அறிஞருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை. 1896இல் பம்பாயில் பிறந்த சலீம் அலி, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள்தொண்டைக் குருவி என்ன இனம் என்று அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலை மிதித்தார். அந்த ஒரு கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் பறவைகளோடு பிணைத்தது. 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் பல தலைமுறைகளின் வழிகாட்டி. அவர் வழிநடத்திய அக்கழகம் கோடியக்கரையில் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்தது. 1987இல் அவர் காலமானார். அந்தக் கரையில் பறவை ஆராய்ச்சி அதன் பின்னும் தொடர்ந்தது.

நம் இல்லங்கள் அறிந்த இரு மரங்கள்

கோடியக்கரை மரங்களில் இரண்டை நம் தாய்மார்களுக்குத் தனியே அறிமுகம் செய்யத் தேவையில்லை. பெயரை மாற்றிச் சொன்னால் உடனே தெரிந்துகொள்வார்கள்.

முதலாவது உகா மரம். அரபியில் அராக் என்று வழங்கப்படும் இம்மரத்தின் குச்சியும் வேரும்தான் நாம் ஹஜ்ஜிலிருந்தும் உம்ராவிலிருந்தும் வாங்கி வரும் மிஸ்வாக்! மக்காவிலும் மதீனாவிலும் பொதிந்து விற்கப்படும் அந்தக் குச்சியின் மரம், நாகப்பட்டினம் மாவட்டத்து உப்பு மணலில் தானாகவே வளர்ந்து நிற்கின்றது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உப்பையும் வறட்சியையும் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு. சிறிய காரமான கனிகளைக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். குளிர்காலத்தில் கூட்டமாக வரும் சூறைக்குருவிகளுக்கு அவை விருந்து. சங்கஞ்செடியிலும் உகாவிலும் முட்டையிடும் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சிக்கு, ஆங்கிலேயப் பூச்சியியலார் அரபு என்ற சொல் சேர்த்தே பெயர் வைத்திருக்கின்றார்கள். இளஞ்சிவப்பு இறகுடைய அப்பூச்சி உங்கள் தோட்டத்தில் பறக்க வேண்டுமானால் இச்செடிகளில் ஒன்று இருந்தாக வேண்டும்.

இரண்டாவது இலந்தை. குர்ஆன் குறிப்பிடும் ஸித்ர் மரத்தின் நெருங்கிய உறவு இது. மையித்தைக் குளிப்பாட்டும் நீரில் இலந்தை இலை இடுவதை நாம் அறிவோம். ஊரில் ஒரு மவுத் நேர்ந்தால் இலைக்காக யார் வீட்டில் மரம் இருக்கின்றது என்று தேடி அலையும் நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. ஒரு தெருவுக்கு ஓர் இலந்தை இருந்தால் அந்தக் கவலை இல்லை. குழந்தைகளுக்குப் பழம், தேனீக்களுக்குப் பூ, குயிலுக்கும் மைனாவுக்கும் உணவு, முள்கிளைகளுக்குள் சிறு பறவைகளுக்குப் பாதுகாப்பான கூடு என்று அதன் பயன்கள் பல.

வீட்டிலிருந்து கடலை நோக்கி வரிசைகள்

இனி உங்கள் மனைக்கு வருவோம். கடலை நோக்கிய பக்கத்திலிருந்து வீடு வரை மூன்று வரிசைகளாக எண்ணிக்கொள்ளுங்கள். இடம் 5 சென்டாயினும் 50 சென்டாயினும் ஒழுங்கு ஒன்றுதான்.

முதல் வரிசை, மணலைப் பிடிக்கும் கொடிகளும் புற்களும். அடும்பங்கொடி என்றும் ஆட்டுக்கால் கொடி என்றும் வழங்கும் ஊதாநிறப் பூக்கொடியும், இராவணன் மீசை என்னும் முட்புல்லும் கடற்கரைக்கே உரியவை. இவை மணலைக் காற்றில் பறக்கவிடாமல் தடுத்து மெல்ல மேடாக்கும். மனையில் அவை தாமாகவே இருந்தால் களை என்று பிடுங்காதீர்கள். மணல்மேடு இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 1991 முதலே, அழகுபடுத்துவதற்காகக்கூட மணல்மேட்டை மாற்றுவதைத் தடை செய்து வந்துள்ளன.

இரண்டாவது வரிசை, காற்றின் வேகத்தை முறிக்கும் புதர்கள். தாழை, நொச்சி, களா, சங்கஞ்செடி, உகா ஆகியவற்றைக் கலந்து, சுவர்போல ஒரே உயரத்தில் வெட்டாமல் இயல்பாக வளரவிடுங்கள். கெட்டியான மதிலில் மோதும் காற்று மேலே ஏறி மறுபுறம் சுழன்று விழும். புதரோ காற்றைச் சல்லடைபோல வடித்து வேகம் குறைத்து அனுப்பும். களாக்காய் ஊறுகாய்க்கும் ஆகும், பறவைக்கும் ஆகும்.

மூன்றாவது வரிசை, மரங்கள். புன்னை, பூவரசு, புங்கை, பனை, இலந்தை, இடம் பெரிதானால் பாலையும் நாவலும். புன்னையின் வெண்மையான பூவில் தேனீக்கள் மொய்க்கும். அதன் கொட்டை எண்ணெயில்தான் முற்காலத்தில் விளக்கெரித்தார்கள், மரக்கலங்களுக்கும் பூசினார்கள். மரத்துக்கு மரம் 12 முதல் 15 அடி இடைவெளி விடுங்கள். பெரிய மரங்களை வீட்டுச் சுவரிலிருந்தும் அண்டை வீட்டு எல்லையிலிருந்தும் தள்ளியே நடுங்கள். நம் மரத்தின் கிளை அடுத்தவர் கூரையில் உராய்வது அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதாகாது.

வீட்டை ஒட்டி, காற்று அடங்கிய இடத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, மருதாணி, ஒன்றிரண்டு தென்னை ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் கரும்பச்சைப் புழுக்களைக் கண்டால் உடனே மருந்து தெளித்துவிடாதீர்கள். அவை கருநிற வாலுடைய அழகிய வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள். நாலு இலையை அவை தின்னட்டும். குழம்புக்கு மீதி இருக்கும்.

நடுவதற்கேற்ற காலம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி. 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள குழியில் மணலோடு குளத்து வண்டலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். நன்னிலத்துக் குளத்தில் தூர்வாரும் வண்டல் கடற்கரை மணலுக்குக் கிடைத்தால் அதைவிட நல்ல அன்பளிப்பு இல்லை. அடியில் தேங்காய் மட்டைகளையும் மேலே சருகையும் போட்டு மூடினால் ஈரம் தங்கும். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றினால் போதும். அதன்பின் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். பனங்கொட்டையை நிலையான இடத்திலேயே ஊன்றுங்கள். அதன் முளை ஆழமாக இறங்குவதால் பெயர்த்து நட்டால் பிழைக்காது. புன்னைக் கொட்டையின் ஓட்டை நீக்கி ஊன்றினால் விரைவில் முளைக்கும். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகளைக் கேட்டுப் பெறலாம். கோடியக்கரைச் சரணாலயத்திலிருந்து செடியையோ விதையையோ எடுத்து வருவது மட்டும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கரையில் சீமைக்கருவேலம் முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் கோடியக்கரைக் காட்டையே நெருக்கிக்கொண்டிருக்கின்றது. முத்துப்பேட்டையைப்போல் உப்பங்கழியை ஒட்டிய இடமாயின் அங்கே நிற்கும் அலையாத்திதான் உரிய மரம். அதன்மேல் கத்தி வைக்காதிருப்பதே அதற்குச் செய்யும் தோட்ட வேலை.

தோட்டமும் கிணறும்

இதுவரை சொன்னவை பறவைகளின் நலம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் குடிநீரே இதில் அடங்கியிருக்கின்றது.

கடற்கரை மணலுக்கு அடியில் இரண்டு நீர் இருக்கின்றன. கீழே கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீர். அதன் மேலே மழையால் சேர்ந்த நன்னீர் எண்ணெய்போல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நீரியலின் பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உப்பு அத்தனை அடி ஏறி வரும்!

மணல்மேட்டை வெட்டினால் மழைநீரைத் தேக்கி வைக்கும் இடம் போயிற்று. முற்றத்தைச் சிமெண்டால் மூடினால் மழை உள்ளே இறங்கும் வழி போயிற்று. புல்தரைக்காக நாள்தோறும் மோட்டாரால் இறைத்தால் இருப்பும் போயிற்று. பிறகு கிணறு உவர்த்துவிட்டதே என்று வருந்தி, கேன் தண்ணீர் வாங்கிக் காலம் தள்ளுகின்றோம். நாட்டுச் செடிகளின் தோட்டமோ குறைவாகக் குடிக்கின்றது. சருகால் மழையைத் தடுத்து நிறுத்தி உள்ளே இறக்குகின்றது. 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியும் அதோடு சேர்ந்தால் கிணற்றுக்கு உயிர் வரும்.

இன்னொரு நீரும் நம் வீடுகளில் நாளுக்கு ஐந்து வேளை ஓடுகின்றது. அது ஒளுச் செய்த நீர். சோப்பு கலவாத அந்த நீரைச் சாக்கடைக்கு விடாமல் சிறு வாய்க்கால் வழியே மரத்தடிக்குத் திருப்பலாம். ஒரு குடும்பத்தின் ஒளு நீரே இரண்டு மூன்று இளங்கன்றுகளுக்குப் போதும். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

அச்சங்களும் விளக்கங்களும்

புதர் வைத்தால் பாம்பு வருமே, தண்ணீர் வைத்தால் கொசு வருமே என்று வீட்டுப் பெண்மணிகள் அஞ்சுவது நியாயமே. வீட்டைச் சுற்றி 15 அடிக்காவது புதரில்லாமல் கூட்டித் துப்புரவாக வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த செடிகள் அதற்கப்பால் இருக்கட்டும். பாம்பைப் பெரும்பாலும் இழுத்து வருவது எலி. எலியை இழுத்து வருவது குப்பையும் சிந்திய தானியமும். பறவைக்கு வைக்கும் மண்சட்டி நீரைத் தினமும் கொட்டி மாற்றினால் அதில் கொசு வளராது.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். தை முதல் பங்குனி வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து, ஒவ்வொன்றும் நூறு முட்டை அளவில் மணலில் புதைத்துச் செல்கின்றன. ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடும். வீட்டு மாடியில் கண்ணைப் பறிக்கும் மின்விளக்கு எரிந்தால் அவை கடலை விட்டு வீட்டை நோக்கி ஊர்ந்து வந்து மடிகின்றன. அம்மாதங்களில் கடற்புற விளக்கை அணைப்பதும், தாழையும் நொச்சியும் திரைபோல நிற்கச் செய்வதும் போதும். மின்கட்டணமும் குறையும்.

மரங்கள் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டு சென்றது. அத்தகைய அலையை ஒரு வீட்டுத் தோட்டம் நிறுத்தாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் காற்றையும் பறக்கும் மணலையும் உப்பையும் அது தடுக்கும்.

ஆகுமா இது?

கெட்டுப்போன இடம் மீளுமா என்று ஐயுறுவோருக்கு இரு சான்றுகள் உண்டு. சென்னை அடையாற்றின் கழிமுகத்தில் குப்பைமேடாகக் கிடந்த 58 ஏக்கர், நாட்டு மரஞ்செடிகளால் மீட்கப்பட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே இப்பொழுது நீர்ப்பறவைகள் வருகின்றன. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1968இல் செம்மண் அரித்துப் பொட்டலாகக் கிடந்த நிலம், பிற்பாடு கோடியக்கரையில் உள்ளதைப் போன்ற உலர் பசுமைமாறாக் காடாக மீண்டிருக்கின்றது. அவ்வளவு பெரிய இடங்களில் ஆகுமானால், நம் மனையிலும் பள்ளிவாசல் வளாகத்திலும் ஆகாதா? மையவாடிகளில் சீமைக்கருவேலத்தை அகற்றி இலந்தையும் புங்கையும் நடும் பணியை ஜமாஅத்தின் இளைஞர்கள் ஏற்றால் ஊருக்கே நிழல் கிடைக்கும்.

நன்னிலத்து வாசகர்களும் இதை அடுத்தவர் பாடம் என்று ஒதுக்க வேண்டாம். உங்கள் மண்ணுக்குரியவை மருதம், இலுப்பை, நாவல், பூவரசு, பனை. வயலில் ஒரு பறவைத்தாங்கி நட்டால் பகலில் கரிச்சான் அமர்ந்து பூச்சியைப் பிடிக்கும். இரவில் ஆந்தை அமர்ந்து எலியைப் பிடிக்கும். இடத்துக்கு இடம் மரம் மாறும், எண்ணம் மாறாது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ விலங்கோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்த நபிமொழியில் பறவையின் பெயர் மனிதனின் பெயரோடு சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு தாய்ப்பறவையைக் கண்டு, குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்கள் அவர்கள். மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரத்தை வெட்டாதீர்கள், வேட்டையாடாதீர்கள் என்று தடுத்தவர்களும் அவர்களே.

நாம் ஸதகா என்றால் பணப்பையைத் திறப்பதையே நினைக்கின்றோம். உகா மரத்தின் ஒரு கொத்துக் கனியைச் சூறைக்குருவி கொத்தித் தின்னும்போது, நட்டவர் சிங்கப்பூரில் உறங்கிக்கொண்டிருக்கலாம், மண்ணுக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவருடைய ஏட்டில் நன்மை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும், இன்ஷா அல்லாஹ். வருகின்ற ஐப்பசி மழைக்கு முன் ஒரு குழியாவது தோண்டி வையுங்கள். நம் கைகள் நடும் ஒவ்வொரு கன்றையும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஏற்று, நம் கரையையும் கிணற்றையும் நம்மை நம்பி வரும் சிறு உயிர்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.